பங்காளியா, மச்சானா?

வடை வந்தது, வாழைப்பழம் வந்தது, தேநீரும் வந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா ராமையாக் கங்காணி ஒரு மிடறு குடித்துவிட்டு, சும்மா பேச்சுவாக்கில் கேட்டார்.

"ஆமா, ஒங்களுக்குக் கொலசாமி எதுங்கம்மா?"

"ஒத்தப்பனை முனியாண்டிங்கய்யா," என்றேன்.

கோப்பை அவருடைய வாய்க்கும் மடிக்கும் நடுவில் அப்படியே நின்றது. பிறகு அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எங்களுக்கும் அவருதாங்க."

குசினிக்குள் ஏதோ பாத்திரம் விழுந்தது. பெண் பார்க்க வந்திருந்த என் தம்பி கணேசன் மட்டும் ஒன்றும் விளங்காமல் மூன்றாவது வடையை எடுத்தான்.

மாரியம்மன் என்று சொல்லியிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். மலையகத்தில் பாதிப்பேருக்கு அவள்தான் துணை. ஒத்தப்பனை முனியாண்டியை எங்கள் வீட்டைத் தவிர வேறு யாரும் கும்பிட்டு நான் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு குடும்பத்துக்கு ஒரே குலசாமி என்றால் இரண்டும் ஒரே வம்சம், பங்காளிகள். பங்காளி வீட்டுப் பெண் தங்கச்சி முறை. தங்கச்சியைப் பெண் பார்க்கப் போய், வடையும் தின்றுகொண்டிருந்தான் என் தம்பி.

"ஒங்க தாத்தா எந்தத் தோட்டமுங்க?" என்று கேட்டார் கங்காணி.

பொய் சொல்லத் தெரியாத வாய் என்னுடையது. "அப்பா பொறக்குறதுக்கு முந்தியே தாத்தா நோர்வூட் பக்கம் போயிட்டாருங்க. அதுக்கு முந்தி இதே தோட்டந்தான்னு சொல்லுவாங்க."

அதோடு முடிந்தது. கங்காணி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "சாமியும் ஒண்ணு, தோட்டமும் ஒண்ணு. வேற என்னம்மா வேணும்? தம்பி, ஒன்னய இனிமே மகன்னுதான் கூப்புடணும்," என்றார்.

போன வாரம், தலவாக்கலையில் நான் போட்டோக்கொப்பிக் கடை திறந்த கதையை எழுதியிருந்தேன். "ஊரார் குடும்ப விவரத்தையெல்லாம் விண்ணப்பத்தில் நிரப்பிக் கொடுக்கிறீர்களே அம்மா, உங்கள் குடும்ப விவரம் உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். குசும்பு பிடித்த மனிதர். தெரியாதுதான். அதைத் தேடப் போய் நான் பட்ட பாட்டை இன்றைக்குச் சொல்கிறேன்.

பை பிடித்த புண்ணியம்

முதலில் என் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. கணேசனுக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. தலவாக்கலைக் கடைவீதியில் ஹார்ட்வெயார் கடை. ஆணி கேட்டு வருகிறவனுக்கு ஆணியின் வரலாற்றைச் சொல்லித்தான் கொடுப்பான். பேச்சு கூடுதல், தலைமுடி குறைவு. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் வடை நன்றாக இருக்கும், பதில் வராது. ஒரு வீட்டில், "இவருக்குத் தம்பி யாரும் இருக்காங்களா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டே கேட்டார்கள்.

அப்படிப்பட்டவனுக்குக் கடவுள் டயகம பஸ்ஸில் கண் திறந்தார். நம் பஸ்களில் நிற்கிறவர்களின் பையை உட்கார்ந்திருக்கிறவர்கள் மடியில் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். புஷ்பராணி தன் பையையும் குடையையும் அவன் மடியில் வைத்தாள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவள். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுப்போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அன்றைக்கு இறங்கும் அவசரத்தில் பையை மறந்துவிட்டாள். அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு என் தம்பி பையோடு தோட்டத்துக்கே போனான். அங்கே ஒரு டசின் குழந்தைகள் இவன் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தனவாம். புஷ்பாவும் சிரித்தாளாம். பிறகு அந்தப் பஸ்ஸைத் தவிர வேறு பஸ்ஸில் அவன் ஏறவே இல்லை.

இந்தக் கலியாணமும் இல்லையென்றால் இவனுக்கு இனிக் கலியாணமே இல்லை என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அதனால்தான் அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் அவன் பேசவே இல்லை. அக்கரப்பத்தனை தாண்டும்போது மட்டும் வாயைத் திறந்தான்.

"மாரியம்மன்னு சொல்லியிருந்தா என்னக்கா கொறஞ்சா போயிடுவ?"

கங்காணி போட்ட கெடு

இரண்டு நாள் கழித்து புஷ்பா போன் செய்தாள்.

"அக்கா, அப்பாகிட்ட அழுது பாத்துட்டேன். பங்காளி இல்லன்னு பதிவுல காட்டுனா சரின்னு சொல்றாரு. நோர்வூட்டுல ஒரு பேக்கரிக்காரரு கேட்டு வந்திருக்காங்க. தைக்குள்ள நீங்க காட்டலன்னா அங்கதான் குடுப்பாராம்."

"நீ என்னம்மா சொல்ற?"

"அம்மா போனதுல இருந்து அவருக்கு நான் ஒருத்திதான்க்கா. அவரு மனசு ஒப்பாம நான் வர மாட்டேன். பேக்கரிக்குப் போகவும் மாட்டேன். பிள்ளைக் காம்பராவிலயே கெழவியாயிருவேன்."

பதிவுதானே என்று நினைத்தேன். ஊர்ப்பட்ட பிறப்புச் சான்றிதழுக்கும் இறப்புச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்த கை. பதிவாளர் கிளையில் எந்தக் கதிரைக்குக் கால் ஆடும் என்பதுகூட எனக்குத் தெரியும். "கவலப்படாத, அக்கா இருக்கேன்," என்றேன். ஆழம் தெரியாமல் காலை விட்டவள் நான்தான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். குலசாமியைக் கேட்பது பக்தியால் என்று நினைத்துவிடாதீர்கள். சாதி பார்ப்பதில்லை என்று மேடையில் முழங்குகிற ஆட்கள் வீட்டுக்கு வந்ததும் "சாமி எது?" என்று கேட்பார்கள். கேட்ட மாதிரியும் இருக்கும், கேட்காத மாதிரியும் இருக்கும். இது எனக்குப் பிடிக்காது. ஆனால் பிடிக்காத கேள்விக்கும் பதில் கொண்டுபோனால்தான் தம்பிக்குப் பெண் கிடைக்கும் என்னும்போது, நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நாய்க்கு ஒரு கல்

முதலில் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். பழைய பேர்ப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். அங்கிருந்த கிளாக்கர் கம்ப்யூட்டரை அன்போடு தட்டிக் காட்டி, "இதுக்குள்ள எல்லாம் இருக்குங்க," என்றார். பார்த்தால், இப்போது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வருகிறவர்களின் பேர்தான் இருந்தது.

"முந்தினது?"

"கறையான் பாத்துருச்சுங்க," என்றார். ஏதோ கணக்காய்வாளர் வந்து பார்த்துவிட்டுப் போனதைப்போலச் சொன்னார்.

சரி, செத்தவர்களையே கேட்போம் என்று மயானத்துக்குப் போனேன். மேட்டில் தேயிலைதான் நின்றது. அதுதான் பழைய மயானம், மயானம் கீழே மாறிப் பல காலம் ஆகிவிட்டது என்று கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சொன்னார்கள். "இந்த மலையில கொழுந்து நல்லா வருங்க," என்று ஒருத்தி சொல்லி வைத்தாள். அன்றைக்கு ராத்திரி நான் தேநீர் குடிக்கவில்லை.

திரும்பும் வழியில் வெள்ளைக்காரத் துரைமாரின் பழைய கோயில் இருந்தது. அங்கே எல்லாக் கல்லறைக் கற்களும் ஒழுங்காக நின்றன. வெளிநாட்டிலிருந்து அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வந்து, பேரைப் படித்து, பூ வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். வேலியோரம் ஒரு சின்னக் கல்லும் இருந்தது. குனிந்து பார்த்தேன். துரையின் நாய்க்கு வைத்தது. அதற்குப் பேர் இருந்தது, பிறந்த வருஷமும் செத்த வருஷமும் இருந்தன, குணத்தைப் புகழ்ந்து இரண்டு வரிகூட இருந்தன.

எனக்குக் கோபம் வந்தது. நாய்மேல் இல்லை, அது பாவம். எங்கள் பூட்டனை, தாத்தாவின் அப்பாவை, தேயிலைச் செடிக்குக் கீழே தேடிக்கொண்டிருக்கிறேன், நாயை மட்டும் நின்ற இடத்திலேயே கண்டுபிடித்துவிட்டேனே என்று கோபம்.

குதிரை செத்த வருஷம்

மிச்சம் இருந்தது பதிவாளர் கிளைதான். அங்கே இருக்கிற குமாரி மிஸ் எனக்குப் பழக்கம். நான் சிங்களத்தில் கேட்டால் அவர் தமிழில் பதில் சொல்லிப் பார்ப்பார். இரண்டு பேருடைய பிழையும் சேர்ந்து ஒருமாதிரி வேலை நடந்துவிடும்.

"பூட்டன் பேர் வீராசாமி. மரணப் பதிவு வேணும்," என்றேன்.

"வருஷம் சொல்லுங்க அக்கே. வருஷம் இல்லாம தேட ஏலாது."

வருஷத்துக்கு எங்கே போவது? நோர்வூட்டில் இருக்கும் என் சின்னம்மாவிடம் கேட்டேன். "தொரையோட வெள்ளக் குதிர செத்துச்சே, அந்த வருஷம்," என்றார். அக்கரப்பத்தனையில் அப்பாவின் கூட்டாளி ஒருவர் இருக்கிறார். அவர் பேசுவது தொண்ணூறு சதவீதம் பொய். "பெரிய மழ பேஞ்ச வருஷம்," என்றார். இந்த மலையில் பெரிய மழை பெய்யாத வருஷம் ஒன்றைச் சொல்லியிருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

நான் குமாரி மிஸ்ஸிடம் போய்க் குதிரைக் கதையைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அனே அக்கே, குதிரைக்கு நாங்க சர்ட்டிபிகட் குடுக்கிறதில்லையே!"

வீட்டுக்கு வந்து சின்னம்மாவுக்கு மறுபடி போன் போட்டேன். "குதிர எப்பிடிச் சின்னம்மா செத்துச்சு?" என்றேன். வயதானவர்களிடம் கேட்கவேண்டியதை நேரே கேட்கக்கூடாது, சுற்றிவளைத்துத்தான் கேட்கவேண்டும். "தேயிலைத் தொழிற்சால தீப்பிடிச்சுச்சுல்ல, அந்தச் சத்தத்துல மெரண்டு பள்ளத்துல விழுந்துருச்சாம். அப்பறந்தான புதுத் தொழிற்சால கட்டுனாங்க," என்றார்.

புதுத் தொழிற்சாலை என்று சின்னம்மா சொன்னது இப்போது பழைய தொழிற்சாலை. அதன் நெற்றியில் கட்டின வருஷம் பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். குதிரைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

ஓணானை எடுத்து

குமாரி மிஸ் நல்ல மனுஷி. அந்த வருஷத்துக்கு முன்னும் பின்னும் தேடி எடுத்து வைத்தார். அந்தக் காலத்தில் தோட்டத்தில் பாதிப்பேர் வீராசாமி, மீதிப்பேர் கருப்பன் என்றுதான் எனக்குப் பட்டது. வீராசாமிகள் வரிசையாகச் செத்திருந்தார்கள். இதில் எங்கள் வீராசாமி யார்?

நல்லவேளை, எங்கள் பூட்டன் எப்படிச் செத்தார் என்பது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நிழல்மரத்துக் கிளை வெட்ட ஏறி, தான் உட்கார்ந்திருந்த கிளையையே வெட்டினார். எங்கள் வீட்டில் யாராவது முட்டாள்தனம் பண்ணினால் "வீராசாமி ரத்தம்" என்போம். பதிவில் மற்ற வீராசாமிகளெல்லாம் காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் போயிருந்தார்கள். ஒரே ஒருத்தர் மரத்திலிருந்து விழுந்திருந்தார்.

"இவருதான் மிஸ்! இவருதான்!" என்று நான் போட்ட சத்தத்தில் காணிக் கிளையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சந்தோஷம் அடுத்த நிமிஷமே போய்விட்டது. தகப்பன் பேர் எழுதவேண்டிய இடத்தில் தெரியாது என்று இருந்தது. மரணத்தை அறிவித்தவர் என்ற இடத்தில் மூக்கன் என்று இருந்தது. மூக்கன் யார் என்று எனக்குத் தெரியும். ராமையாக் கங்காணியின் தாத்தா. கங்காணி வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தெரிவது, அவர் யாரையோ கொண்டு வரையவைத்து மாட்டியிருக்கும் மூக்கன் படம்தான். இறந்தவருக்கு மூக்கன் என்ன உறவு என்று அடுத்த இடத்தில் ஆங்கிலத்தில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

சகோதரன்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதை என்பார்களே, அது இதுதான். கங்காணிக்கு இருந்தது வெறும் சந்தேகம். அதற்கு அரசாங்க முத்திரை குத்தி, முத்திரைச் செலவையும் நானே கொடுத்து, கையில் வாங்கிக்கொண்டு நிற்கிறேன்.

"சந்தோஷமில்லையா அக்கே?" என்று குமாரி மிஸ் கேட்டார். என்ன சொல்வது? "சந்தோஷம் மிஸ்," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

கணேசன் சொன்னது

கடையை மூடியபிறகு தம்பியிடம் கொடுத்தேன். வாசித்தான். இன்னொரு தடவை வாசித்தான். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் அந்த ஒரு சொல் அவனுக்குத் தெரிந்திருந்தது.

"எரிச்சுப் போட்டுருவோம்டா," என்றேன். "கறையான் தின்னுருச்சுன்னு சொல்லுவோம். தோட்டத்துக் கிளாக்கரே சாட்சி சொல்லுவாரு."

நான் அப்படிச் சொன்னதில் எனக்கு இப்போதும் வெட்கமில்லை. செத்துப்போன ஒருவர் மரத்திலிருந்து ஒழுங்காக இறங்கத் தெரியாமல் விழுந்ததற்கு என் தம்பி ஏன் தனிக்கட்டையாக நிற்கவேண்டும்?

ஆனால் அவன் கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "வேணாங்கா. பொய் சொல்லிக் கட்டிக்கிட்டா தெனம் அவ மொகத்த எப்பிடிப் பாக்குறது? அந்தாளு பதிவுல காட்டச் சொன்னாரு. காட்டிட்டு வந்துருவோம்," என்றான்.

ஆணியைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிற வாய் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனுக்குத் தெரியாமல் கல்குலேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பெருமை பேசிய வாய்

நாங்கள் போன அன்றைக்கு நல்ல மழை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் தகரக் கூரையில் மழை கொட்டினால் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதே கேட்காது. ராமையாக் கங்காணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடதாசியை வாங்கினார். நான் வாசித்து அர்த்தம் சொன்னேன். தம்பி வாசலோரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். புஷ்பா குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தீங்களா!" என்று கங்காணி தொடையைத் தட்டினார். "கவுருமெண்டே சொல்லிருச்சு. கூடப்பொறந்தவங்க! நான் சொன்னா கேட்டீங்களா?"

புஷ்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் போவோமா என்று தம்பிக்குக் கண் காட்டினேன். இறங்க முடியாத மழை. வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

தோட்டத்தில் ஆட்களை மேய்த்தே பழகிய கங்காணி என்ற வர்க்கத்துக்கு ஒரு குணம். ஜெயித்தபிறகு சும்மா இருக்கத் தெரியாது. இவரும் ஜெயித்த சந்தோஷத்தில் தாத்தா படத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"வீராசாமின்னு பேரச் சொன்னோன எனக்கு எல்லாம் ஞாபகம் வருதும்மா. எங்கப்பா சொல்லிச் சொல்லி அழுவாரு. ஒங்க பூட்டன் மரத்துல இருந்து விழுந்து கெடக்குறாரு. ஒரு நாதி இல்ல. எங்க தாத்தாதான் தூக்கிக்கிட்டு வந்தாரு. ஒறவுக்காரன் கைநாட்டு வச்சாத்தான் ஆபீசுல சவப்பொட்டிப் பலக குடுப்பாங்க. போயி வச்சாரு. பாடை கட்டுனது அவரு. குழி வெட்டுனது அவரு. ஒங்க பூட்டி அழுதுகிட்டு ஒக்காந்திருக்கு, கோடிச் சேல போட ஆளில்ல. அதயும் எங்க தாத்தாதான் போட்டாரு! பொண்டாட்டி கட்டாம வச்சிருந்த புதுச் சேலய எடுத்துக்கிட்டு வந்து போட்டாராம்மா! அப்பிடிப்பட்ட மனுசன்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அந்தப் பேச்சை மனதில் ஒருதரம் ஓட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் இடித்தது.

"ஐயா, கோடிய யாரு போட்டாங்க?"

"எங்க தாத்தா. இப்பத்தான சொன்னேன்?"

"கோடி யாருங்கய்யா போடுவாங்க?"

"என்னம்மா, இதுகூடத் தெரியாதா? தாலி அறுத்தவளுக்குப் பொறந்த வீட்டு ஆளுங்கதான் போடணும். அண்ணன் தம்பி..."

நின்றுவிட்டார்.

முதலில் பிடித்துக்கொண்டவள் புஷ்பா. "அப்பா! பதிவுல ஒங்க தாத்தா வீராசாமிக்குத் தம்பி. எழவு வீட்டுல வீராசாமி பொண்டாட்டிக்குத் தம்பி. புருஷனுக்கும் தம்பி பொண்டாட்டிக்கும் தம்பின்னா, வீராசாமி தன் கூடப்பொறந்தவளயா கட்டியிருந்தாரு?"

"ஏய்! வாய மூடு!" என்றார் கங்காணி. அவளால் மூட முடியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வம்சத்தின் மானம் ஊசலாடும்போது சிரிக்கக்கூடாதுதான். சிரித்துவிட்டோம்.

"இது கணக்கு இல்லீங்கய்யா," என்றேன். "கூடப்பொறந்த தம்பின்னா கோடி போடுவாரா? பங்காளிக்குத் தீட்டு. மொட்ட போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கணும். கோடி போட்டவரு பங்காளியா இருக்க முடியாது."

கங்காணி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பதிவைத் தள்ளினால் அரசாங்கம் பொய். கோடியைத் தள்ளினால் தாத்தாவின் பெருமை பொய். அரசாங்கத்தைத் தள்ளுவது அவருக்கு லேசாக இருந்திருக்கவேண்டும்.

"பொட்டிப் பலகைக்காகச் சொன்னதுதான் அது," என்றார் கடைசியில். "லயத்துல பக்கத்துக் காம்பராக்காரங்க. வேற ஒண்ணும் இல்ல."

பாதி மண்

"அப்ப சாமி எப்பிடிங்க ஒண்ணாச்சு?" என்று கேட்டான் என் தம்பி. அன்றைக்கு அந்த வீட்டில் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான். கேட்காமல் விட்டிருக்கலாம். காரியம் கூடி வருகிற நேரத்தில் தானே குழி தோண்டுகிறானே என்று எனக்குப் பகீரென்றது. வீராசாமி ரத்தம்.

கங்காணி சொல்லலாமா என்று யோசிக்கிறார் என்று தெரிந்தது. பிறகு வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார்.

"எங்கப்பா ஒண்ணு சொல்லுவாரு. கத மாதிரின்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். ஊர்ல இருந்து கெளம்பும்போது ஆளாளுக்குக் கொலசாமி கோயில்ல பிடிமண் எடுத்து முடிஞ்சுக்கிட்டு வருவாங்க. கப்பலுக்கு முந்தி கடற்கரையில ஒரு காம்பு, நோய் சோதிக்கிற முகாமு. அங்க துணிமணியெல்லாம் வாங்கி மருந்துத் தண்ணியில முக்குவாங்களாம், நோய் வரக்கூடாதுன்னு. எங்க தாத்தா மண்ண மடிக்குள்ள ஒளிச்சுக்கிட்டாரு. இன்னொருத்தர் முடிச்ச அவுத்துக் காட்டுனாராம், இது சாமிங்கய்யான்னு. அவங்களுக்கு அது மண்ணு. கொட்டிட்டாங்க."

"அது வீராசாமியா?" என்றேன்.

"பேரு எங்கப்பா சொல்லல. சாமி இல்லாம கப்பல் ஏற மாட்டேன்னு ஒக்காந்து அழுதாராம் அந்தாளு. எங்க தாத்தா தன் மண்ண ரெண்டாப் பிரிச்சு, பாதிய அவர் துண்டுல முடிஞ்சு விட்டாராம். இதையே கும்புட்டுக்க, சாமி ஒண்ணும் கேக்க மாட்டாருன்னு."

எங்கள் வீட்டில் வருஷா வருஷம் கோழி அறுத்து, என் அப்பா சாமியாடி, நானும் கணேசனும் பயந்து அம்மா சேலைக்குள் ஒளிந்து, அத்தனையும் இன்னொரு வீட்டுச் சாமிக்கு நடந்திருக்கிறது. அவரும் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

"அப்ப எங்க சாமி எது?" என்றான் தம்பி.

"கடற்கரையில கெடக்குறாரு," என்றார் கங்காணி. கேலியாகச் சொல்லவில்லை.

எந்த ஊர், எந்தச் சாமி, எந்த வம்சம் என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. கறையான் தின்னாத பதிவிலும் அது இருக்காது. இத்தனை அலைந்து எனக்குக் கிடைத்ததெல்லாம், எங்கள் குடும்பத்துக்கு ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத ஒரு மனுஷனின் பேர்தான். அரசாங்கத்திடம் பொய் சொல்லிப் பெட்டிப் பலகை வாங்கிக் கொடுத்தவர். பெண்டாட்டி சேலையை எடுத்துக்கொண்டு வந்து கோடி போட்டவர். சாமியையும் பாதியாகப் பிரித்துக் கொடுத்தவர். உறவு என்று சொல்லிக்கொள்ள அவரைவிட வேறு யாரைத் தேடப் போகிறேன்? எனக்குச் சத்தியமாகப் போதும் என்றிருந்தது.

கங்காணிக்கும் ஏதோ போதும் என்றிருந்திருக்கவேண்டும். மூக்கன் படத்தை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் என் தம்பியைப் பார்த்தார். வாசலோரத்தில் தகரம் ஒழுகி, அவன் வழுக்கைத் தலையில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அவன் அதைத் துடைக்கக்கூட இல்லை.

"அங்க ஒழுகும்," என்றார் கங்காணி. தொண்டையைச் செருமிக்கொண்டார். "இங்கிட்டு வந்து ஒக்காருங்க, மாப்ள."

தம்பி அசையவில்லை. தன்னைத்தான் சொல்கிறார் என்று அவனுக்கு விளங்கவில்லை. பின்னால் யாரும் வந்திருக்கிறார்களா என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"ஒங்களத்தான்," என்றாள் புஷ்பா.